ஏகமனதாக

"என்னப் பாத்து ஏன் எல்லாரும் கை தூக்குறீங்க?"

ஜெயபுரம் பொது நோக்கு மண்டபத்தில் சிவலட்சுமி இப்படிக் கேட்டபோது முப்பத்தொரு கைகள் மேலே இருந்தன. தூக்கிய கையை இறக்குவதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியாமல் சிலர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். இதை எழுதும் கையும் அந்த முப்பத்தொன்றில் ஒன்று. அன்று பதில் தெரியவில்லை. தெரிந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிவலட்சுமி எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, ஆறு வயதில், லொறி ஒன்றின் பின்புறத்தில் மடியில் ஒரு கோழியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியவர். அதற்கு முன் தேயிலைத் தோட்டம். அதற்குப் பின் காடு வெட்டினது, வயல் செய்தது, இடம்பெயர்ந்தது, முகாமில் கிடந்தது, திரும்பி வந்து மறுபடியும் காடு வெட்டினது. கச்சான் கடலை பிடுங்கும் காலத்தில் அவரை நாலு பேர் கூப்பிடுவார்கள். செடியை இழுத்து, மண்ணை உதறி, காயை ஆயும் வேகத்தில் ஊரில் அவரை வெல்ல ஆளில்லை. கணவர் வீரையா இன்னொருவரின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுபவர். அவர்களுக்கு ஒரே பிள்ளை. பெயர் லக்சிகா.

லக்சிகா பலகுரல் செய்வாள். முதலில் அவள் செய்து காட்டியது மனிதக் குரலே இல்லை. காலையில் ஸ்ரார்ட் ஆக மறுக்கும் லான்ட்மாஸ்டர். அடுத்தது, அதைத் திட்டுகிற அப்பா. வீரையாவுக்குக் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்து, அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தைத் திட்டுவதையே விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பஸ் நடத்துநராக வருவாள். "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ! அண்ணை, பின்னால கலியாணப் பந்தலே போடலாம், அவ்வளவு இடம் கிடக்கு!" என்று அவள் தொண்டையைக் கிழித்துக் கத்தும்போது, உண்மையான நடத்துநர் ஒருநாள் சபையில் இருந்து எழும்பி ரிக்கற் புத்தகத்தைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். மீன்காரர், விதானையார், கோயில் ஒலிபெருக்கியில் காணாமற்போன செருப்பை அறிவிப்பவர், எல்லாரும் அவள் தொண்டைக்குள் இருந்தார்கள். பூநகரியில் ஒரு விழாவில் பெரியவர் ஒருவர் கேட்டார்:

"பிள்ளை, மலைநாட்டு ஆக்கள் எண்டு சொல்லுகினம். எங்கட கதையை எங்களை விட நல்லாக் கதைக்கிறாய். அப்ப உன்ர கதை எது?"

"சோடா வாங்கித் தாற ஆளின்ர கதைதான் ஐயா என்ர கதை."

பெரியவர் சிரித்துச் சிரித்து இரண்டு சோடா வாங்கிக் கொடுத்தார்.

அவள் செய்வதில் எல்லோருக்கும் பிடித்தது தவராசா. தவராசா எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், பதினான்கு வருடமாக. பெரிய மாட்டுப் பட்டிக்குச் சொந்தக்காரர். பேசும்போது முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு "அதாவது", பிறகு இன்னொரு செருமல். லக்சிகா செய்தால், கண்ணை மூடிக் கேட்பவர்கள் எழும்பி நிற்பார்கள். தவராசாவே கைதட்டிச் சிரித்து, "பிள்ளை, என்னை இன்னொருக்காச் செய்" என்பார்.

பதினெட்டாவது வயதில் அவள் இளைஞர் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினாள். பிரதேசக் கூட்டம் ஒன்றுக்கு எங்கள் ஊரில் இருந்து போன மூன்று பேரில் அவளும் ஒருத்தி. பின்னேர பஸ் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தாள். நாலு மணிக்குப் பிறகு முழங்காவில் பக்கத்தில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு பஸ் இல்லை. அதை வாசிக்க நேரம் தரவில்லை. கூட்டம் முடியும்போது, "எங்கட லக்சிகா இப்ப ஒரு மிமிக்ரி செய்து காட்டுவா" என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். செய்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே தாயிடம் சொன்னாள்:

"தலைவர் மாதிரிப் பேசிக் காட்டச் சொல்லிக் கூப்புடுறாங்கம்மா. தலைவரா இருன்னு எவனும் கூப்புடல."

சிவலட்சுமி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "இருக்க வேண்டிய நேரம் வரும், போ" என்று மட்டும் சொன்னார். பிறகு எத்தனையோ தடவை அந்த வாயை அடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆவணி. ஊர் முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். கஜேந்தினி லக்சிகாவின் சிநேகிதி. ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. தன் பங்குப் பெற்றோலைச் சேர்த்து வைத்து, முழங்காவில் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு லக்சிகாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது இருட்டுக் கட்டிவிட்டது. அந்த நேரத்தில் தார் றோட்டில் பகல் சூடு மிச்சம் இருக்கும். மாடுகள் வந்து படுக்கும். பல்லவராயன்கட்டு வளைவில் ஒரு கறுப்பு மாடு படுத்திருந்தது. லக்சிகா அந்த இடத்திலேயே முடிந்தாள். கஜேந்தினிக்கு இடது தொடை எலும்பு இரண்டு துண்டு. மாடும் செத்தது.

மாட்டுக்குச் சொந்தக்காரர் வரவில்லை. எங்கள் பக்கத்தில் விபத்தில் செத்த மாட்டுக்குச் சொந்தக்காரர் வருவதேயில்லை. வந்தால் வழக்கும் வரும். இருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மாட்டின் தொடையிலும் உரியவரின் எழுத்தைக் காய்ச்சிய கம்பியால் குறி சுட்டிருப்பார்கள். ஆனால் விடிந்து பொலிசார் வந்து பார்த்தபோது அந்த மாட்டின் தொடையில் தோல் இல்லை. நாய் தின்றுவிட்டது என்றார்கள். நாய் இவ்வளவு சதுரமாகவா தின்னும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பிறகு பழி ஒரு ஆளைத் தேடியது. கஜேந்தினி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். "கண்ணை எங்க வச்சுக்கொண்டு ஸ்கூட்டி ஓடினவள்?" என்று ஊர் கேட்டது.

லக்சிகா இறந்து முப்பத்தோராம் நாள் வந்தது. இறந்தவரின் படத்தோடு கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். சிவலட்சுமி வேண்டாம் என்றார். "அதை வாங்கிட்டுப் போயி அலுமாரிக்குள்ள வப்பாங்க. எம் புள்ளைய அலுமாரிக்குள்ள வைக்க வேணாம்" என்றார். அதற்குப் பதிலாக ஒரு மைக்கும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியும் வாங்கி மண்டபத்தில் வைத்தார். சனிக்கிழமை பின்னேரங்களில் ஊர்ப்பிள்ளைகள் வந்து பேச வேண்டும். ஒவ்வொரு கிழமையும் வேறொரு பிள்ளை கூட்டத்தை நடத்த வேண்டும். ஊருக்குத் தேவையானதை அவர்களே கேட்டு வாங்க வேண்டும். பெயர் 'லக்சிகா இளையோர் வட்டம்'. தலைவருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் போகக்கூடாது என்பது முதல் விதி. தவராசா மண்டபப் பூட்டின் திறப்பைக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசம் வரைக்கும் தாயே தலைவராக இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார். சிவலட்சுமி ஒத்துக்கொண்டார். ஒரு வருடம்தானே என்று நினைத்தார்.

ஒரு வருடம் முடிந்து பொதுக்கூட்டம் கூடியபோது, பெற்ற தாய் இருக்கும் கதிரைக்குப் போட்டி போட யாருக்கு மனம் வரும்? எல்லாரும் கை தூக்கினார்கள். அறிக்கைப் புத்தகத்தில் "விதிவிலக்காக, இம்முறை மட்டும், ஏகமனதாக" என்று எழுதினார்கள். அடுத்த வருடமும் அதே வரியைப் பார்த்து எழுதினார்கள்.

வேலையெல்லாம் செய்தது கஜேந்தினி. ஆறாம் மாதம் ஊன்றுகோலோடு வந்து கடைசி வரிசையில் இருந்தவள், மெல்ல மெல்ல எல்லாவற்றையும் எடுத்துச் செய்தாள். பின்னேர பஸ்ஸுக்கு லக்சிகா எழுதி வாசிக்காமல் விட்ட அந்தப் பக்கத்தைத் திருத்தி மூன்று முறை அனுப்பி, நாலாம் முறை தானே போய் நின்று, பஸ்ஸைக் கொண்டுவந்தாள். மைக்கைக் கண்டு அழுத பிள்ளைகளுக்கு, முதலில் மைக் இல்லாமல் சுவரைப் பார்த்துப் பேசப் பழக்கினாள். ஆனால் கடிதங்களின் அடியில் தலைவர் என்று சிவலட்சுமிதான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவருக்கு மகளின் அந்த வார்த்தை காதில் கேட்டது.

மூன்றாவது பொதுக்கூட்டத்துக்குப் பத்து நாள் முந்தி அவர் கஜேந்தினி வீட்டுக்குப் போனார். அவள் தையல் மெஷினில் இருந்தாள். முற்றத்தில் நின்ற கன்றுக்குட்டியின் கழுத்தில் ஒரு பட்டி மினுங்கியது.

"என்னடி இது, கன்னுக்குட்டிக்குக் கலியாணமா?"

"ஓம் அன்ரி, மாப்பிள்ளைதான் இன்னும் அமையேல்ல." கஜேந்தினி எழும்பிக் கதிரை இழுத்துப் போட்டாள். "லைற் பட்டால் தூரத்திலயே மினுங்கும். றோட்டு வேலை செய்யிறவையின்ர பழைய சட்டையில வெட்டித் தைச்சனான். ஊரில இருக்கிற எல்லா மாட்டுக்கும் கட்டவேணும். குறியையும் சொந்தக்காரற்ற போன் நம்பரையும் ஒரு கொப்பியில எழுதிவச்சா, மாடு றோட்டில படுத்தவுடன எடுத்துச் சொல்லலாம்."

சிவலட்சுமி பட்டியைத் தடவிப் பார்த்தார்.

"இத நீ தலைவரா நின்னு சொல்லணும். இந்தத் தடவ நீதான்."

"என்னை ஆர் அன்ரி முன்மொழியிறது? பகிடி விடாதேங்கோ."

"நம்ம வட்டத்துக் கோகுலன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஓம்னுட்டான். வழிமொழிய ஒரு கை வராமலா போயிரும்?"

"ஊர் என்னை என்னெண்டு நினைக்குது எண்டு தெரியும்தானே."

"பெத்தவ நான் நினைக்கல. அப்புறம் ஊருக்கு என்னடி?"

கஜேந்தினி குனிந்து நூலைப் பல்லால் அறுக்கப் பார்த்தாள். அது அறுபடவில்லை. "சரி அன்ரி. முன்மொழிஞ்சா நிக்கிறன்" என்றாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. தலைவர் தெரிவை நடத்துவதற்குத் தவராசாவை அழைத்திருந்தார்கள். முதலில் கஜேந்தினி தன் திட்டத்தை வாசித்தாள். பட்டி பற்றி வாசிக்கும்வரை எல்லாரும் தலையாட்டினார்கள். கொப்பியில் குறி பதியும் இடம் வந்ததும் மண்டபம் அடங்கிப்போனது.

தவராசா செருமினார். "அதாவது, பிள்ளை, யோசனை நல்லது. ஆனா குறியை எல்லாம் ஊர்ப்பிள்ளையளிட்டப் பதிஞ்சு, நாளைக்கு மாடு களவு போனா ஆர் பொறுப்பு?"

பின்னால் இருந்து ஒரு குரல்: "மாட்டுக்குப் பட்டி கட்ட முந்தி, ஓடுற ஆக்களுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கோ!"

சிலர் சிரித்தார்கள். கஜேந்தினி வாசித்த தாளை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எட்டாக மடித்து உட்கார்ந்தாள்.

தலைவர் பதவிக்குப் பெயர் சொல்லுமாறு கேட்டபோது சிவலட்சுமி கோகுலனைப் பார்த்தார். கோகுலன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பன் தவராசாவின் மாட்டுப் பட்டியில் வேலை செய்பவர். சிவலட்சுமி தானே எழும்பினார். "கஜேந்தினியோட பேர நான்" என்று தொடங்குவதற்குள் தவராசா கையைக் காட்டி அமர்த்தினார்.

"அக்கா, இருங்கோ. பதவியில இருக்கிற ஆள் முன்மொழியேலாது. அது விதி." பிறகு எங்களைப் பார்த்தார். "அதாவது, இது லக்சிகாவின்ர பேரில இருக்கிற கதிரை. அந்தப் பிள்ளையைப் பெத்த தாய் இருக்கேக்க வேற ஆரை அதில இருத்திறது? மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கெல்லோ. விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

கைகள் எழும்பின. முப்பது. பிறகு, எல்லாருக்கும் கடைசியாக, கஜேந்தினியின் கையும்.

அப்போதுதான் சிவலட்சுமி அந்தக் கேள்வியைக் கேட்டார். "எனக்கு வேணாம். வேணாம்னு சொல்றேன்ல!" என்றும் கத்தினார். "பாவம், பிள்ளையின்ர நினைப்பு வந்திட்டுது" என்று பெண்கள் அவரைப் பிடித்து இருத்திச் சோடா குடிக்கக் கொடுத்தார்கள். அவர் அழ அழ, அறிக்கைப் புத்தகத்தில் ஏகமனதாக என்று எழுதப்பட்டது. மறுப்பதற்கு அவர் எடுத்த ஒவ்வொரு வார்த்தையும் துக்கமாக மட்டுமே எங்களுக்குக் கேட்டது. எங்கள் ஊரில் இழவு கண்ட தாய்க்கு எல்லாம் கொடுப்பார்கள். அவர் சொல்வதை மட்டும் கேட்க மாட்டார்கள்.

வீரையா வாசலில் லான்ட்மாஸ்டரோடு நின்றார். அதன் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏறி உட்கார்ந்த மனைவி, பாதி வழியில் கேட்டார்:

"அந்தப் புள்ள குறின்னு சொன்னதும் ஏன் எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டாங்க?"

வீரையா இயந்திரத்தை நிறுத்தினார்.

"செருப்பு ஒண்ணு காணல" என்றார். "லக்சியோட செருப்பு. மறுநா விடியக்கால அதத் தேடித்தான் அங்க போனேன். மாடு கெடந்துச்சு. தோலு இருந்துச்சு. 'த'னா போட்டிருந்துச்சு."

"பொலிசு வந்தப்போ?"

"அவங்க வாரதுக்குள்ள யாரோ அரிஞ்சிட்டாங்க."

"நீ சொல்லலியா?"

"அந்த வாரந்தான் நம்ம காணி பேர்மிட்டுக்குத் தவராசா கடிதம் குடுத்திருந்தாரு. முப்பது வருசமா நாம நடையா நடந்த கடிதம். சொன்னா புள்ள வரப்போகுதான்னு நெனச்சேன்."

"இன்னும் யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டுந்தான் தெரியாது."

சிவலட்சுமி பெட்டியில் இருந்து இறங்கி வீடுவரை நடந்தார். வீரையா பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் சமையல் நடக்கிறது, வேலைக்குப் போகிறார்கள், ஒருவரோடொருவர் கதை இல்லை.

ஊருக்குத் தெரியும் என்று வீரையா சொன்னது உண்மை. எங்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் குசுகுசுத்தபோது கேட்டிருக்கிறோம்; வெளியில் சொன்னால் அந்தத் தாய் உடைந்துபோவார் என்று எங்கள் வாயை அடைத்தார்கள். அவர் அந்தக் கதிரையில் இருக்கும்வரை அவர் முன்னால் மாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. கஜேந்தினி இருந்தால் முதல் வேலையே மாடுதான். எங்கள் கைகளை மேலே தூக்கியது இரக்கம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மறுநாள் சிவலட்சுமி கஜேந்தினியிடம் போனார். அவள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டுநாயக்கவில் தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வீட்டில் முன்பே பேசி வைத்திருந்தார்கள். கூட்டம் முடியட்டும் என்று அவள்தான் தள்ளிப் போட்டிருந்தாள்.

"குறி உனக்குத் தெரியுமா?"

"லைற் வெளிச்சத்தில முதல் கண்டதே அதைத்தான் அன்ரி."

"ஏண்டி சொல்லல? மூணு வருசம் இந்தப் பழியச் சுமந்துக்கிட்டு!"

"சொன்னா, தப்பிறதுக்குச் சொல்லுறாள் எண்டுவினம். ஓடினது நான்தானே. அது பொய்யில்லையே."

"மறுபடி கூட்டம் போடுவோம். நான் எழும்பி எல்லாத்தையும் சொல்றேன். நீ இரு."

கஜேந்தினி பையின் வாயை இழுத்து மூடினாள். "நேற்று நானும் கை தூக்கினனான் அன்ரி. கையைக் கீழ வச்சிருந்தால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பாப்பினம் எண்ட பயத்தில தூக்கினனான். இப்பிடி ஒரு ஆளைத் தலைவரா வச்சு என்ன செய்யப் போறியள்?"

அவள் பஸ் ஏறும்போது சிவலட்சுமி பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அங்கிருந்து நேரே தவராசா வீட்டுக்குப் போய் மண்டபத் திறப்பை நீட்டினார். "ஒங்க மாடு" என்று மட்டும் சொன்னார். தவராசா செருமினார். அதற்குப் பிறகு வர வேண்டிய "அதாவது" வரவில்லை. "அது நடந்து முடிஞ்ச கதை அக்கா. திறப்பை நீங்களே வச்சிருங்கோ" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று சிவலட்சுமி பிறகு சொன்னார்.

விலகல் கடிதத்தை வட்டத்தின் செயலாளர் வாங்கவில்லை. கூட்டம் இல்லாமல் வாங்க முடியாதாம். கூட்டத்தைத் தலைவர் கூட்ட வேண்டுமாம். தலைவர் கூட்டினால் ஆட்கள் வருவதில்லை. சனிக்கிழமைகளில் முதலில் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள், பிறகு நாலு, பிறகு இரண்டு. மார்கழி மழையோடு அந்த இரண்டு பேரும் வராமல் நின்றுவிட்டார்கள். சிவலட்சுமி இப்போதும் போய் மண்டபத்தைத் திறந்து, மைக்கைத் துடைத்து, ஐந்தரை மணி வரை இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருகிறார். மாடுகள் இப்போதும் றோட்டில்தான் படுக்கின்றன.

இவற்றில் பெரும்பகுதி அவரே சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதி யாருக்குக் குடுப்ப?" என்றார்.

வாசிக்கிற உங்களுக்குத்தான். உங்களோடு வைத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்குக் கொடுங்கள். போனில் அனுப்புங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கட்டுநாயக்கப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த யாராவது வேலை செய்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: இடது காலைச் சற்று இழுத்து நடக்கிற, ஜெயபுரத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே இருக்கிறாள். எங்களிடம் இருந்த அவளுடைய போன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. அடுத்த பொதுக்கூட்டம் புரட்டாதியில். அவள் பெயரை முன்மொழிய இந்த முறை இதை எழுதுகிற ஒரு ஆள் இருக்கிறது என்று அதற்குள் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் வராமலே போகலாம். என்றாலும் தயவுசெய்து இதைக் கைமாற்றி விடுங்கள்.